களவு போன வாத்தியம் இணைய விளம்பரத்தில் தென்பட்டால்: திரும்பப் பெறும் வழி

பங்குனிக் கடைசியில் மேலூர்ப் பக்கம் ஒரு கோயில் பொங்கலுக்கு மெல்லிசைக் கச்சேரி. முடித்துவிட்டுத் திரும்பும் வழியில், அதிகாலை மூன்று மணிக்கு, ஒத்தக்கடைக்குச் சற்று முன்னால் தேநீர் குடிக்க வாடகை வேனை நிறுத்தினோம். பத்து நிமிடம் இருக்கும். மதுரை மாட்டுத்தாவணியில் சாமான்களை இறக்கும்போது என் ஆக்டோபேட் (குச்சியால் தட்டி வாசிக்கும் மின்னணுத் தாளக் கருவி) பெட்டி இல்லை.

பத்தொன்பதாம் நாள் எங்கள் குழுவில் கிளாரினெட் வாசிக்கும் தம்பி, பழைய பொருள் விற்கும் செயலி ஒன்றிலிருந்து ஒரு விளம்பரத்தை அனுப்பி, "அண்ணே, இது உங்களுடையது போல இருக்கிறதே" என்றார். வலது மேல் மூலையில் குச்சி பட்டுப் பட்டு வழவழப்பான இடம், ஸ்டாண்ட் திருகில் நான் கட்டிய சிவப்பு நூல், எல்லாம் அப்படியே படத்தில் இருந்தன. விலை 14,000 ரூபாய். இடம் திண்டுக்கல்.

எழுபத்தோராம் நாள் அது வீடு வந்து சேர்ந்தது. அந்த எழுபத்தொரு நாளில் இருபது நாளாவது என் அசட்டுத்தனத்தால் வீணானது. அந்த இருபது நாளை நீங்கள் மிச்சம் பிடிப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. விற்பவரிடம் பேசாதீர்கள்

விளம்பரத்தைப் பார்த்ததும் கை தானாகத் தொலைபேசிக்குப் போகும். போக விடாதீர்கள். நான் அந்த நிமிடமே அழைத்து, "இது என்னுடைய ஆக்டோபேட், உங்களிடம் எப்படி வந்தது?" என்று கேட்டேன். எதிர்முனையில் இணைப்பைத் துண்டித்தார்கள். மாலைக்குள் விளம்பரம் மறைந்தது, எண்ணும் அணைந்தது. பதினோரு நாள் கழித்து வேறு பெயரில் மறுபடி வந்தது என் நல்ல நேரம். எல்லோருக்கும் அப்படி வராது.

இந்த வேலையில் விற்பவரோடு பேசுவது கடைசிப் படி. அதையும் காவல்துறை சொன்ன பிறகு, அவர்கள் சொன்னபடி பேச வேண்டும். வாங்குபவர் போல நடித்து நேரில் போவது அதைவிட ஆபத்து. எதிரே வருவது தனி ஆளா கூட்டமா என்று உங்களுக்குத் தெரியாது.

செயலியில் உள்ள 'புகார் செய்' பொத்தானையும் அழுத்த வேண்டாம். அழுத்தினால் விளம்பரத்தை நீக்கிவிடுவார்கள், அவ்வளவுதான். வாத்தியம் உங்களிடம் வந்துவிடாது. விற்பவரின் படத்தை 'திருடன்' என்று எழுதி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றவிடுவதும் வேண்டாம். அவர் விவரம் தெரியாமல் மூன்றாம் கையாக வாங்கியவராக இருந்தால் அவதூறு வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

2. விளம்பரத்தை முழுதாகப் பிடித்து வையுங்கள்

இதற்குப் பத்து நிமிடம் போதும். ஆனால் அந்தப் பத்து நிமிடம் இப்போதே வேண்டும். விளம்பரத்தின் எல்லாப் படங்களையும் பெரிதாக்கி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு செயலியைத் திறப்பதில் தொடங்கி விளம்பரத்தின் அடி வரை நகர்த்திக்கொண்டே போவதைத் திரைப் பதிவாகவும் எடுங்கள். தேதியும் நேரமும் தெரிய வேண்டும். விளம்பர எண், இணைய முகவரி, விற்பவர் பெயர், எப்போது சேர்ந்தவர், காட்டும் ஊர், கேட்கும் விலை ஆகியவற்றைக் கையால் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அவர் வேறு என்ன விற்கிறார் என்றும் பாருங்கள். என் ஆள் இரண்டு மைக்கும் ஒரு மிக்சரும் சேர்த்து விற்றுக்கொண்டிருந்தார். அந்த மிக்சரின் சொந்தக்காரரும் பிறகு கிடைத்தார்.

படங்களை ஓரம் வெட்டாதீர்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், உள்ளே பதிந்திருக்கும் தேதி விவரமும் போய்விடும். உங்கள் மின்னஞ்சலுக்கே இணைப்பாக அனுப்பி வையுங்கள். படம் எடுத்த தொலைபேசியை வழக்கு முடியும் வரை விற்கவோ அழித்துப் புதிதாக்கவோ கூடாது. மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் சான்றாகக் காட்ட, பாரதிய சாக்ஷ்ய அதினியம் 2023, பிரிவு 63-இன்படி ஒரு சான்றிதழ் தேவைப்படும். அதன் ஒரு பகுதியில் நீங்கள் கையெழுத்திட வேண்டும், இன்னொன்றில் ஒரு வல்லுநர். அதை வழக்கறிஞரோ விசாரணை அதிகாரியோ பார்த்துக்கொள்வார்கள். உங்கள் பங்குக்கு மூலக் கோப்பு கெடாமல் இருந்தால் போதும்.

3. 'என்னுடையது' என்பதை எப்படிக் காட்டுவீர்கள்?

முழு வழக்கும் இங்கேதான் நிற்கிறது. கைபேசி என்றால் ஐ.எம்.இ.ஐ. எண் உண்டு, அதை வைத்துத் தேடிவிடுவார்கள். வாத்தியத்துக்கு அப்படி ஒன்றும் கிடையாது. ஒரே மாடல் கீபோர்டு மதுரையில் எத்தனையோ குழுக்களிடம் இருக்கும். 'அதேதான், பார்த்தாலே தெரியும்' என்று சொன்னால் எந்த ஆய்வாளரும் எழுத மாட்டார்.

வரிசை எண் இருந்தால் பாதி வேலை முடிந்தது. கீபோர்டு, ஆக்டோபேட், ஆம்ப் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் அடிப்பக்கத்திலோ பின்பக்கத்திலோ ஓர் ஒட்டுத்தாளில் அது இருக்கும். ஜி.எஸ்.டி. ரசீது, உத்தரவாத அட்டை, அட்டைப்பெட்டி ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றிலாவது அந்த எண் இருக்கிறதா என்று பரணில் தேடுங்கள்.

என்னிடம் இந்த மூன்றும் இல்லை. 2019-இல் வேறொரு குழுவில் இருந்த நண்பரிடம் 28,000 ரூபாய்க்குப் பழையதாக வாங்கினேன். நம் ஆட்களில் பாதிப் பேர் அப்படித்தான் வாங்குகிறோம். ஒட்டுத்தாளையும் திருடியவர்கள் சுரண்டிவிட்டார்கள். ரசீது இல்லை என்று கையை விரித்துவிடாதீர்கள், நான் காட்டியவை இவை:

பணம் அனுப்பிய நாளின் வங்கிக் கணக்கு அறிக்கை. எனக்கு விற்ற நண்பரிடம் வாங்கிய கையெழுத்திட்ட கடிதம், அவரிடம் இருந்த பழைய ரசீதின் நகலோடு. பழுது பார்த்த கடையின் சீட்டு: 2022-இல் இடது கீழ்ப் பேடின் சென்சாரை மாற்றியதற்கு 1,800 ரூபாய் என்று தேதியுடன் எழுதியிருந்தது. கோயில் கமிட்டிக்காரர்கள் யூடியூபில் ஏற்றிய கச்சேரிக் காணொளிகள், அவற்றில் அந்தச் சிவப்பு நூல் தெரியும் நிமிடங்களைக் குறித்து. இவற்றோடு திருவிழா நோட்டீசில் என் பெயரும் நான் வாசிக்கும் கருவியும் அச்சாகியிருந்தன.

இவை எல்லாவற்றையும் விட வலுவாக நின்றது கருவியின் உள்ளே இருந்த நினைவு. ஆக்டோபேடில் நானே சேர்த்து அமைத்த கிட்டுகளுக்கு (ஒலித் தொகுப்புகளுக்கு) ஆங்கில எழுத்தில் உறுமி, ஒயில், கும்மி என்று பெயர் வைத்திருந்தேன். அவற்றின் நகல் ஒரு பென்டிரைவில் பழைய தேதியோடு கிடந்தது. கருவியைக் காவல்துறை கைப்பற்றிய பிறகு நிலையத்தில் மின்சாரம் கொடுத்து மூன்றாவது கிட்டைத் திறந்து ஒரு தட்டுத் தட்டினேன். இரண்டு ஒலியைச் சேர்த்து நானே ஒப்பேற்றிய உறுமிச் சத்தம் அது, வேறு எந்தப் பெட்டியிலும் வராது. எழுத்தர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். திருடியவருக்குப் பழைய நிலைக்குத் திருப்பும் பொத்தான் எங்கே என்று தெரியாமல் போனதில் எனக்கு ஆதாயம். உங்கள் கீபோர்டில் சேமித்த ரெஜிஸ்ட்ரேஷன், ஸ்டைல் எதுவாக இருந்தாலும் இன்றே பென்டிரைவில் நகல் எடுங்கள்.

மின்சாரம் இல்லாத வாத்தியங்கள் வேறு கதை. தவில், உறுமி, பம்பை, நாகசுரம் ஆகியவற்றுக்கு வரிசை எண் ஏது? நையாண்டி மேளக்காரர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். தவில் என்றால் பலாக் கட்டையின் உட்புறம் தெரியும்படி, தோல் மாற்றும் சமயத்தில் படம் எடுத்து வையுங்கள். மரத்தின் ரேகை ஒரு கட்டைக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. தொப்பி, வலந்தலை என்ற இரண்டு பக்க முகங்களின் விட்டத்தையும் கட்டையின் நீளத்தையும் அளந்து எழுதுங்கள். நாகசுரம் என்றால் உலவில் (குழலில்) உள்ள கீறல், அணைசின் (அடியில் உள்ள அகன்ற வாயின்) விளிம்பில் உள்ள நெளிவு, துளைகளின் தேய்மானம் எல்லாம் அடையாளம்தான். சீவாளியையும் (ஊதும் நாக்கு) அது பொருந்தும் கெண்டையையும் அடையாளமாகச் சொல்லாதீர்கள், அவை மாறுபவை. செய்து கொடுத்த ஆசாரியிடம் ஒரு கடிதம் வாங்க முடிந்தால் அது ரசீதுக்குச் சமம். தன் கைவேலையைத் தானே அடையாளம் காட்டும் சாட்சியை மறுத்துப் பேசுவது எந்த வழக்கறிஞருக்கும் கடினம்.

நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டை இருந்தால் அதன் நகலையும் சேருங்கள். வாத்தியம் உங்களுடையது என்று அது நிரூபிக்காது. ஆனால் இது உங்கள் பிழைப்பு என்பதைப் பேசாமலே சொல்லிவிடும்.

4. புகார் எழுதும்போது 'காணவில்லை' என்று எழுதாதீர்கள்

என் இரண்டாவது அசட்டுத்தனம் இது. களவு போன அன்றே நிலையத்துக்குப் போனேன். "தவறவிட்டதாக எழுதிக் கொடுங்கள், உடனே ரசீது தருகிறோம்" என்றார்கள். தூக்கக் கலக்கத்தில் அப்படியே எழுதிக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீதோடு வீட்டுக்கு வந்தேன். புகார் வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டும்தான் அந்த ரசீது அத்தாட்சி. அதை வைத்து எந்தப் பொருளையும் யாரிடமிருந்தும் கைப்பற்ற மாட்டார்கள். இருபத்திரண்டாம் நாள் மறுபடி போய்த் திருட்டு என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் முதல் தகவல் அறிக்கை (எஃப்.ஐ.ஆர்.) பதிவானது. விளம்பரம் தெரிந்த நாளில் என்னிடம் எஃப்.ஐ.ஆர். இருந்திருந்தால் அன்றே வேலை தொடங்கியிருக்கும்.

புகாரில் இருக்க வேண்டியவை: நாள், நேரம், இடம், வண்டி எண், கூட இருந்தவர்கள் பெயர், களவு போன ஒவ்வொரு பொருளும் தனித்தனியாக, அதன் மாடல், வரிசை எண், அடையாளங்கள், மதிப்பு. பிறகு விளம்பர விவரங்கள். கடைசியில், 'திருட்டு வழக்குப் பதிவு செய்து பொருளைக் கைப்பற்றித் தரும்படி' என்ற கோரிக்கை. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் நிலைய முத்திரையும் தேதியும் வாங்குங்கள்.

மதிப்பு எழுதும் இடத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின்படி, 5,000 ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள சாதாரணத் திருட்டு, காவல்துறை தானாக வழக்குப் பதிவு செய்யும் குற்றமாகாது; நீதித்துறை நடுவரின் உத்தரவு வேண்டும். நம்மில் பலருக்கு, 'பழைய சாமான்தானே' என்று குறைத்துச் சொல்லும் பழக்கம் உண்டு. குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். அடாப்டர், ஸ்டாண்ட், கேபிள், உறை, பெடல் எல்லாவற்றையும் பட்டியலிட்டு இன்று வாங்கினால் என்ன விலையோ அதையும் பழைய விலையையும் எழுதுங்கள்.

திருட்டுக்குப் பொதுவான பிரிவு 303. வீட்டிலிருந்தோ, பொருள் வைக்கும் கட்டடத்திலிருந்தோ, ஆட்களையும் சரக்கையும் ஏற்றும் வண்டியிலிருந்தோ களவு போனால் பிரிவு 305. அதற்கு ஏழாண்டு வரை சிறை. என்னுடையது வேனிலிருந்து போனதால் 305. எந்தப் பிரிவு என்று நீங்கள் எழுத வேண்டியதில்லை, எங்கிருந்து போனது என்பதைத் தெளிவாக எழுதினால் போதும். களவுப் பொருள் என்று தெரிந்து வாங்கி வைத்திருப்பவருக்குப் பிரிவு 317.

5. 'எங்கள் எல்லை இல்லை' என்றால்

மாநகரம் காவல் ஆணையரின் கீழ், சுற்றுப்புற ஊர்கள் மாவட்டக் கண்காணிப்பாளரின் கீழ். மேலூர்ச் சாலையில் களவு போய், வீடு செல்லூரில் இருந்து, பொருள் திண்டுக்கல்லில் தெரிந்தால் எந்த நிலையம் என்று நீங்கள் குழம்புவது இருக்கட்டும், அவர்களே உங்களை அடுத்த நிலையத்துக்கு அனுப்புவார்கள். என்னையும் அனுப்பினார்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 173-இன்படி குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையமும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும். இதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறார்கள். பதிந்துவிட்டு உரிய நிலையத்துக்கு மாற்றுவது அவர்கள் வேலை. மின்னணு வழியாகப் புகார் அனுப்பினால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். அதற்கு யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

பதிவு செய்யவே மறுத்தால், அதே புகாரை மாவட்டக் கண்காணிப்பாளருக்கு, மாநகர எல்லையானால் ஆணையர் அலுவலகத்துக்கு, ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் நடுவரிடம் மனு. சட்டத்தை வரி வரியாகச் சொல்லிச் சண்டை போடுவதைவிட, "ஐயா, கருவி இருக்கும் இடம் தெரிந்துவிட்டது, விளம்பரம் இதோ" என்று அச்சிட்ட தாளை மேசையில் வைப்பது வேகமாக வேலை செய்யும். கண்டுபிடிக்கவே முடியாத திருட்டைப் பதிவு செய்யத் தயங்குகிறவர்கள், விடை கையில் இருக்கும் வழக்கைப் பதிவு செய்யத் தயங்குவதில்லை. இது என் அனுபவம்.

எஃப்.ஐ.ஆர். ஏற்கெனவே இருந்து, விளம்பரம் பிறகு தெரிந்தால் புதுப் புகார் வேண்டாம். விசாரணை அதிகாரியிடம் கூடுதல் மனுவாகக் கொடுங்கள். செயலி நிறுவனத்திடம் விற்பவரின் விவரங்களைக் கேட்டு எழுதும் அதிகாரம் அவருக்கு உண்டு. 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, எழுத்துப்பூர்வ உத்தரவு கிடைத்தால் நிறுவனம் 72 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். பயனர் தன் கணக்கை மூடிவிட்டாலும் பதிவுத் தகவலை 180 நாள் வைத்திருக்க வேண்டும். ஆகவே விளம்பரம் மறைந்துவிட்டது என்பதற்காகக் கோப்பை மூட வேண்டாம் என்று அதிகாரியிடம் பணிவாகச் சொல்லலாம். நான் வாரத்துக்கு ஒரு முறை போனேன். தினமும் போனால் எரிச்சலாவார்கள், மாதத்துக்கு ஒரு முறை போனால் மறந்துவிடுவார்கள்.

6. துப்புக்கூலி கேட்டு வருபவர்கள்

நம் பக்கத்தில் மாடு களவு போனால் துப்புக்கூலி கொடுத்து மீட்ட வழக்கத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மாடு போய் ஆக்டோபேட் வந்தாலும் அந்த வழக்கம் அப்படியே இருக்கிறது. இருபத்தைந்தாம் நாள் ஒருவர் அழைத்தார்: "பொருள் யாரிடம் இருக்கிறது என்று தெரியும், ஐயாயிரம் கொடுத்தால் பேசி வாங்கித் தருகிறேன்." களவுப் பொருளை மீட்டுத் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்குவது, குற்றவாளியைப் பிடித்துக் கொடுக்கத் தன்னால் ஆனதையெல்லாம் செய்யாதவரைக்கும், பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 252-இன்படி இரண்டாண்டு வரை சிறை கிடைக்கும் குற்றம். எண்ணைக் குறித்து அதிகாரியிடம் கொடுத்துவிடுங்கள்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. நீங்கள் குழுக்களில் போட்ட 'காணவில்லை' படத்தைப் பார்த்துவிட்டு, அதே படத்தை உங்களுக்கே அனுப்பி, "முன்பணம் அனுப்புங்கள், பார்சலில் அனுப்பிவிடுகிறேன்" என்பார்கள். இவர்களிடம் உங்கள் வாத்தியம் இல்லவே இல்லை. பணம் போய்விட்டால் உடனே இணையக் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள், ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் நட்டம். பொதுவில் போடும் படத்தில் ஓர் அடையாளத்தையாவது மறைத்து வைத்தால், அழைப்பவரிடம் அதைக் கேட்டு ஆளை எடை போடலாம். நான் சிவப்பு நூலை மறைத்திருந்தேன்.

பொருளை வைத்திருப்பவர், "நான் பணம் கொடுத்து வாங்கினேன், என் பணத்தைக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்" என்பது மூன்றாவது வகை. பாவமாகத்தான் இருக்கும். திருடியவனிடமிருந்து வாங்கியவருக்கு அந்தப் பொருளின் மேல் உரிமை வராது, அவர் நல்லெண்ணத்தோடு வாங்கியிருந்தாலும் சரி. பொருள் விற்பனைச் சட்டம் 1930, பிரிவு 27 இதைத்தான் சொல்கிறது. தன் பணத்தை அவர் தனக்கு விற்றவரிடம்தான் கேட்க வேண்டும்.

7. கைப்பற்றும் நாள்

எனக்கு முப்பத்து மூன்றாம் நாள். காவலர் ஒருவர் வாங்குபவராகப் பேசி வரவழைத்தார். நான் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன், அடையாளம் காட்ட மட்டும் கூப்பிட்டார்கள். அடையாளங்கள் எழுதிய தாள், படங்கள், பென்டிரைவ், அடாப்டர் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். அடாப்டர் இல்லாவிட்டால் கருவியை இயக்கிக் காட்ட முடியாது.

கைப்பற்றும்போது மகஜர் (கைப்பற்றிய பொருளின் விவரம் எழுதிய பத்திரம்) எழுதுவார்கள். அதை நிதானமாகப் படித்துப் பாருங்கள். 'கறுப்பு நிற இசைக்கருவி 1' என்று மட்டும் எழுதியிருந்தால், மாடலையும் அடையாளங்களையும் சேர்க்கும்படி கேளுங்கள். பின்னால் நீதிமன்றத்தில் உங்கள் மனுவில் இருக்கும் பொருளும் மகஜரில் இருக்கும் பொருளும் ஒன்றுதான் என்று தெரிய வேண்டும். துணைப் பொருள்களையும் எண்ணி எழுதச் சொல்லுங்கள். கைப்பற்றுவதை ஒளி-ஒலிப் பதிவு செய்ய வேண்டும் என்பதும் இப்போது சட்டம்.

கருவி அன்றே உங்கள் கைக்கு வராது. இதற்கு மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். அது நிலையத்தின் பொருள் அறையில் இருக்கும், விவரம் நீதிமன்றத்துக்குப் போகும். வைக்கும்போதே மூன்று வேண்டுகோள் விடுங்கள்: பேட்டரி போடும் கருவியானால் பேட்டரியைக் கழற்றிவிட, மேலே கனமான சாமான் அடுக்காமல் இருக்க, தரையில் வைக்காமல் பலகை மேல் வைக்க. உறையை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன், சிரித்துக்கொண்டே வாங்கிப் போட்டார்கள். தோல் வாத்தியமானால் வாரைத் தளர்த்தி வைக்க அனுமதி கேளுங்கள்.

8. நீதிமன்ற மனு

எஃப்.ஐ.ஆர். எந்த நீதித்துறை நடுவர் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறதோ அங்கேதான் மனு. மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி போன்ற ஊர்களில் அவரவர் எல்லைக்கு நீதிமன்றம் இருக்கிறது. மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் போய் அரை நாள் அலைந்த பிறகு, மேலூருக்குப் போகச் சொன்னார்கள். எஃப்.ஐ.ஆரின் தலைப்பைப் படித்திருந்தால் பஸ் டிக்கெட் மிச்சம்.

வழக்கு முடியும் வரை பொருளை இடைக்காலமாக உங்களிடம் ஒப்படைக்கக் கோரும் மனு இது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497, 503 ஆகிய பிரிவுகளில் வரும். பொருள் நீதிமன்றத்தின் முன் வந்த 14 நாளுக்குள் அதன் விவர அறிக்கை தயாரித்துப் படம் எடுக்க வேண்டும், அதிலிருந்து 30 நாளுக்குள் உத்தரவு போட வேண்டும் என்று 497 சொல்கிறது. கைப்பற்றிய பொருள்களைத் தேவைக்கு மேல் நிலையத்தில் கிடக்க விடக்கூடாது என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-இலேயே சொல்லியிருக்கிறது. உங்கள் வழக்கறிஞருக்கு அது தெரிந்திருக்கும்.

கொண்டுபோக வேண்டியவை: எஃப்.ஐ.ஆர். நகல், மகஜர் நகல், ஆதார், மூன்றாம் படியில் சொன்ன உரிமைச் சான்றுகள் அத்தனையும், கருவியின் படங்கள், பிரமாணப் பத்திரம். இந்தக் கருவி இல்லாமல் பிழைப்பு நடக்கவில்லை என்பதைக் காட்ட, ஒப்புக்கொண்ட கச்சேரிகளின் முன்பணச் சீட்டுகளையும் இணைத்தேன். சித்திரைத் திருவிழாக் கச்சேரிகளுக்கு வாடகை ஆக்டோபேடில் வாசித்த கணக்கும் அதில் இருந்தது. காவல்துறையிடம் ஆட்சேபணை உண்டா என்று நீதிமன்றம் கேட்கும். அந்தப் பதில் வரத்தான் எனக்கு அதிக நாள் ஆனது. நாற்பத்தோராம் நாள் மனு, அறுபத்தாறாம் நாள் உத்தரவு.

வழக்கமாக விதிக்கும் நிபந்தனைகள்: சொந்தப் பிணைப் பத்திரம், ஒரு ஜாமீன்தாரர், விற்கவோ உருமாற்றவோ கூடாது, கேட்கும்போது கொண்டுவர வேண்டும். என் ஜாமீன்தாரர் வீட்டு வரி ரசீதும் ஆதாரும் கொண்டுவந்தார். ரசீது அவர் மனைவி பெயரில் இருந்ததால் ஒரு நாள் போனது. பெயரை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்கி நிலையத்தில் கொடுத்துப் பொருளைப் பெற மேலும் ஐந்து நாள்.

காப்பீடு செய்து, இழப்பீட்டையும் வாங்கிவிட்டீர்கள் என்றால் நிறுத்துங்கள். பொருள் கிடைத்த செய்தியை முதலில் அந்த நிறுவனத்துக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும்.

9. செலவுக் கணக்கு

புகாருக்கும் எஃப்.ஐ.ஆருக்கும் காசு இல்லை. வழக்கறிஞருக்கு 6,000 கொடுத்தேன். இது ஆளுக்கு ஆள் மாறும், தொகையையும் எதுவரை சேரும் என்பதையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். தட்டச்சு, நகல், முத்திரைத்தாள் எல்லாம் சேர்த்து 700-க்குள். திண்டுக்கல்லுக்கும் மேலூருக்கும் போய்வந்த செலவு 1,500. வாடகை ஆக்டோபேடுக்குக் கச்சேரிக்கு 800 வீதம் ஒன்பது கச்சேரி, அதுதான் பெரிய ஓட்டை. மொத்தம் பதினைந்தாயிரத்தைத் தாண்டியது. பழைய ஆக்டோபேட் ஒன்று அந்த விலைக்குக் கிடைக்காது என்பதாலும், அந்த உறுமிச் சத்தத்தை மறுபடி ஒப்பேற்ற எனக்குப் பொறுமை இல்லை என்பதாலும் எனக்கு இது கட்டுபடியானது. நாலாயிரம் ரூபாய் மைக்குக்காக இத்தனை அலைச்சல் வேண்டுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதி இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், வருமான வரம்புக்கு உட்பட்டவர்கள் ஆகியோருக்கு இலவச வழக்கறிஞர் உண்டு. தொலைபேசி எண் 15100.

10. கைக்கு வந்த பிறகு

நிலையத்திலேயே எல்லாப் பேடுகளையும் தட்டிப் பாருங்கள். பழுது இருந்தால் பெறும் ரசீதில் எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். பழுது பார்க்க வேண்டியிருந்தால் மாற்றிய பாகத்தையும் சீட்டையும் வைத்திருங்கள், உருமாற்றியதாக யாரும் சொல்லக்கூடாது. உத்தரவின் நகலைப் பெட்டியின் உள்மூடியில் ஒட்டி வைத்திருக்கிறேன். நடு இரவில் வண்டியை நிறுத்தி யாராவது கேட்டால் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

விசாரணை தொடங்கும்போது சம்மன் வரும். அன்று சாட்சி சொல்வதோடு கருவியையும் தூக்கிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும், அடாப்டரோடு. ஒரே நாளில் முடியும் என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள், ஆகவே அந்தத் தேதிக்கும் மறுநாளுக்கும் கச்சேரி ஒப்புக்கொள்ளாதீர்கள்.